சிக்கனம் யாருடைய உழைப்பு? – தீவக இல்வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தவர் சிக்கனமானவர் என்னும் கூற்று மிகப் பழையது. குடியேற்ற ஆட்சிக்கால நிருவாகிகளின் குறிப்புகளிலே அது பாராட்டாகவும், தென்னிலங்கைப் பேச்சு வழக்கிலே ஏளனமாகவும், எம்மவர் எழுதிய ஊர் வரலாறுகளிலும் நினைவு மலர்களிலும் பெருமிதமாகவும் இடம்பெற்று வந்துள்ளது. இம்மூன்றுக்கும் அடியில் உள்ள எடுகோள் ஒன்றுதான்: சிக்கனம் ஒரு மக்கட்கூட்டத்தின் பிறவிக்குணம் என்பது. வறண்ட நிலம் அக்குணத்தைத் தந்தது என்பர் சிலர். சைவ ஒழுக்கம் தந்தது என்பர் வேறு சிலர். குணம் என்று கொண்ட அளவிலே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. யார் சிக்கனம் செய்தனர், எதனைச் சிக்கனம் செய்தனர், மிஞ்சியது எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்கள் எழாமற் போகின்றன. வேலணைத் தீவின் தென்கரையிலுள்ள சாட்டியையும் அதனைச் சூழ்ந்த தீவக ஊர்களையும் முன்னிறுத்தி அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒல்லாந்தர் லெய்டன் எனப் பெயரிட்ட இத்தீவிலே, சாட்டி என்றதும் வெளியூரார்க்கு வெண்மணற் கடற்கரையும் சிந்தாத்திரை மாதா ஆலயமும் நினைவுக்கு வரும். தீவகத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது நல்ல தண்ணீர். ஆறில்லாத நாடு இது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்கும் முதல். அந்நீர் மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். உப்பு நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்ததாகையால் இது இயல்கிறது. மெல்ல அள்ளினால் ஊற்று நன்னீராகவே இருக்கும். விரைந்து இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும். சாட்டியின் மணற்பாங்கான நிலம் இப்படலத்தைப் பேணிவைப்பதற்கு ஏற்றதாக இருந்தமையாலேயே, அங்குள்ள கிணற்று நீர் தீவகத்தின் பிற ஊர்களுக்கும் எடுத்துச் செல்லப்படலாயிற்று.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்திலே மனித உடலின் வேகமே நீரின் அளவை வரையறுத்தது. ஒருவர் துலாவின்மீது முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையைக் கவிழ்க்க, மூன்றாமவர் பாத்திக்கு நீர் மாற்ற வேண்டும். நீர் சிக்கனமாகச் செலவானது உண்மையே. ஆனால் அது மூவரின் வைகறை உழைப்பைத் தாராளமாகச் செலவிட்டு வாங்கிய சிக்கனம். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. உடல் ஓய்ந்தது, பல கிணறுகளில் நீர் உவர்த்தது. ஒரு பொருளின் சேமிப்பு வேறொரு பொருளின் செலவாக இருப்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு தேவையில்லை.

இனிப் பனைக்கு வருவோம். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று எனப் பாடும் தாலவிலாசம் என்னும் நூலைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். வில்லியம் பேர்கசன் பனை பற்றித் தனி நூலொன்றை 1850இல் கொழும்பிலே வெளியிட்டார். இவ்வகை எழுத்துக்களில் பனை தானாகவே கொடுப்பது போன்ற ஒரு தோற்றம் உண்டு. கற்பகதரு என்னும் அடைமொழியும் அத்தோற்றத்தையே வலுப்படுத்துகிறது. கற்பகதருவிடம் கேட்டால் போதும். பனையிடம் கேட்பது போதாது.

ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழும். இருள் பிரியுமுன் எழுந்து பொறுக்க வேண்டும். பிந்தினால் மாடோ அயலாரோ கொண்டுபோய்விடுவர். பழத்தைச் சுட்டோ பிசைந்தோ களி எடுத்து, பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தி, உலர்ந்ததன்மேல் மீண்டும் ஊற்றி, படை படையாகப் பனாட்டு ஆக்குவர். எஞ்சிய கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கினால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, கிழித்துப் பச்சையாக உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். கிழங்கு எடுத்த கொட்டையைப் பிளந்தால் பிள்ளைகளுக்குப் பூரான். பிளந்த ஊமல் அடுப்புக்கு. ஓலை வேலிக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் தோட்டத்து எருவுக்கும் போகும். நாரும் ஈர்க்கும் கடகமாகவும் சுளகாகவும் மாறும். ஒடியலை இடித்த மாவிலே ஒரு கைப்பு உண்டு. அதனை நீரில் ஊறவிட்டு, தெளிந்ததை வடித்து, மீண்டும் நீர் வார்த்துக் கைப்பு நீங்கும்வரை செய்தாலன்றிப் பிட்டோ கூழோ வாய்க்கு வராது. பனை தந்ததை உணவாக்குவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கிணறு கைக்கெட்டும் வீட்டில் ஒடியல் மலிவான உணவு. குடத்தோடு நெடுந்தூரம் நடக்கவேண்டிய வீட்டில் அதே ஒடியல் விலை கூடியது. அவ்விலை காசாகக் கணக்கிடப்படவில்லை என்பதுதான் வேறுபாடு.

மேலே கூறிய வேலைகளுட் பெரும்பாலானவற்றைச் செய்தவர் பெண்கள். மரமேறுதல், வேலியடைத்தல், கூரை வேய்தல் முதலியவற்றை வசதிபடைத்த வீடுகளுக்குச் செய்தவர் அடிமை குடிமை முறையிற் கட்டுண்டிருந்த சாதியினர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமை உறவுகள் நெடுங்காலம் நிலைத்தன. கூலி தானியமாகவும் பழந்துணியாகவும் கொடுக்கப்பட்டது. இவ்வீடுகளின் வரவு செலவுக் கணக்கை ஒருவர் எழுதியிருப்பாராயின் பணப்பகுதி மிகச் சிறியதாயிருந்திருக்கும். அதனைக் கண்டு சிக்கனம் என வியத்தல் எளிது. பாடசாலையில் மனையியல் கற்ற நம் மாணவியர்க்கு வருமானத்தைப் பங்கிட்டுச் செலவிடும் முறை கற்பிக்கப்படுகிறது. ஒடியல் மாவை எத்தனை முறை நீர்மாற்ற வேண்டும் என்பதற்கு அக்கணக்கில் நிரல் இல்லை.

இவ்விடத்து எங்கெல்சின் ஒரு கருத்து பெரிதும் பயன்படும். வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1887இல் எழுதிய முன்னுரையிலே, செருமானிய நாட்டுப்புறத்துக் குடிசைத் தொழிலாளரைப் பற்றி அவர் ஆராய்கிறார். அத்தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு சிறு வீடும் கிழங்குத் தோட்டமும் உண்டு. முற்காலத்தில் அவை அவனுக்கு ஓரளவு சுதந்திரத்தைத் தந்தன. முதலாளித்துவ உற்பத்தியின் கீழே அவையே அவனுக்குத் தளையாயின. தோட்டத்திலிருந்து அவன் பெறும் உணவின் பெறுமதியை முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொண்டான் என்பது எங்கெல்சின் முடிவு. மாக்சு தமது மூலதனத்தின் முதலாம் பாகத்திலே, இலாபம் முதலாளியின் 'தவிர்ப்புக்கு' கிடைத்த பரிசு என்று வாதித்த சீனியர் என்னும் பொருளியலாளரை எள்ளி நகையாடியதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. இருவரும் வேறுவேறு திசையிலிருந்து ஒரே மயக்கத்தை உடைக்கின்றனர்.

செருமானியக் கிழங்குத் தோட்டத்திலிருந்து தீவகத்துப் பனந்தோப்புக்கு வருவது நீண்ட தூரமன்று. புகையிலையே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் பழைய பணப்பயிர். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூர் அதன் முதன்மைச் சந்தையாக விளங்கியது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம், மனிதரே ஏற்றுமதியாயினர். ஆங்கிலம் கற்றோர் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் மலாயா சென்றனர். தீவகத்தார் பலர் வேறொரு வழியிற் சென்றனர்: கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் பலசரக்குக் கடைகளையும் சுருட்டுக் கடைகளையும் சைவ உணவுச்சாலைகளையும் நிறுவினர். ஊரிலிருந்து வந்த இளைஞர் அக்கடைகளிற் சிப்பந்திகளாயினர். கடையிலேயே உணவு, கடையிலேயே படுக்கை. அவ்வாறு ஒருவன் தனியாளாக வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தைக் கொடுத்தே அவனை வேலைக்கு வைத்திருக்க முடிந்தது. ஏனெனில் அவனுடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் வேலணையிலோ புங்குடுதீவிலோ ஒடியலையும் கூழையும் கொண்டு தம்மைத் தாமே பராமரித்துக்கொண்டனர். கொழும்பில் வாடகைக்கு ஒரு வீடெடுத்துக் குடும்பத்தை அங்கு வைத்துப் பேண வேண்டியிருப்பின் அவ்வூதியம் ஒரு வாரத்துக்கும் போதாது. ஊரிலிருந்த பெண் செய்த சிக்கனம் தெற்கிலிருந்த கடையின் இலாபத்திலே கலந்து நின்றது எனலாம். அது சுதேச முதலாளியின் கடையாயிருந்தமையும், முதலாளி ஒருவேளை அவளுடைய மாமன் முறையாயிருந்தமையும் இவ்வுறவை மாற்றவில்லை; மறைக்கவே செய்தன.

யாழ்ப்பாணத்தின் 'மணியோடர் பொருளாதாரம்' என்று நாம் வழங்கும் தொடர் பணத்தை அனுப்பியவனை மட்டுமே முன்னிறுத்துகிறது. மலாயாவை யப்பானியர் கைப்பற்றிய 1942 தொடக்கம் 1945 வரையான காலத்தில் அங்கிருந்து வரும் பணம் நின்றது. ஊரிலிருந்த குடும்பங்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தன என்பது எமது பொருளாதார வரலாற்றில் விரிவாக எழுதப்படவேண்டிய இயல்.

மிஞ்சியது எவரைச் சேர்ந்தது என்னும் வினாவுக்குச் சட்டமே ஓரளவு விடை தருகிறது. ஒல்லாந்த அதிகாரி கிளாசு ஐசாக்சு 1707இல் தொகுத்த தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்துகிறது. தேடியதேட்டம் என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மணவாழ்வின்போது இருவரும் தேடிச் சேர்த்தது என்பதே அதன் பொருள். அதில் மனைவிக்குப் பாதி உரிமை உண்டு. வீட்டு உழைப்பும் ஒரு தேட்டமே என்னும் ஒப்புதலின் சாயல் அச்சொல்லிலே தங்கியிருக்கிறது. ஐரோப்பியச் சட்டங்கள் பல அந்நாளில் இவ்வளவுக்கும் போகவில்லை. ஆயினும் அச்சொத்தை நிருவகிக்கும் உரிமை கணவனுக்கே உரியதாயிருந்தது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமோ, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூல இசைவின்றிக் கைமாற்ற முடியாதென விதித்தது. சீதனம் இருக்கிறதாதலால் யாழ்ப்பாணப் பெண் சொத்துடையவள், எனவே சுதந்திரமானவள் என வாதிடுவோர் இவ்விதியை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சேமிப்பின் பெரும் பங்கு இச்சீதனத்துக்கே சென்றது. தாய் தன் கொட்டைப்பெட்டியில் முடிந்துவைத்த காசு சீட்டாக மாறி, சீட்டு காப்பாகவும் சங்கிலியாகவும் மாறி, மகளோடு இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. காலப்போக்கில் காணி, நகைக்கு மேலாக மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் 'டொனேசன்' வேறு சேர்ந்துகொண்டது. உத்தியோக மாப்பிள்ளையின் விலை அவன் படிப்பைப் பொறுத்து ஏறியது. அப்படிப்புக்கான பணத்தை அவனுடைய தாய் வேறொரு கொட்டைப்பெட்டியிலிருந்து கொடுத்திருந்தாள். இவ்வட்டத்துக்குள் உற்பத்தியில் முதலிடப்பட்ட தொகை மிகக் குறைவே.

எனினும் சேமிப்பு முழுவதும் இவ்வாறு வீணாயிற்று என்று முடிவுகட்டுவது எந்திரப்பாங்கான மாக்சியமாகும். சுயமுன்னேற்றம் என்னும் கருத்து எம்மிடையே இரண்டு வடிவிலே வளர்ந்தது. ஒன்று, 1859இல் சாமுவேல் சுமைல்சு வெளியிட்ட சுயவுதவி என்னும் நூல் உலகெங்கும் பரப்பிய வடிவம்: தனியொருவன் உழைத்து, சேமித்து, மேலேறுதல். குடியேற்ற ஆட்சியின் எழுதுவினைஞனுக்கு இது வேதமாகவே அமைந்தது. ஆத்திசூடி, நல்வழி முதலியன கற்பித்த பழைய அறங்கூட இக்காலத்தில் உத்தியோகம் பெறுவதற்கான ஒழுக்கமாகப் பொருள்கொள்ளப்படலாயிற்று. மற்றது கூட்டு வடிவம். சமைக்கும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் அதன் எளிய முகம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய பாடசாலையின் செலவுக்குப் பிடியரிசியும் திரட்டப்பட்டது. நாவலரின் சமூக நோக்கின் எல்லைகள் நாமறிந்தவை. அவர் கேட்ட பிடி அரிசியை அளந்து போட்ட கைகள் எவை என்பதும், அப்பாடசாலையின் வாங்குகளில் எவருக்கு இடமிருந்தது என்பதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை, பின்னர் சனசமூக நிலையம் என இக்கூட்டு வடிவம் விரிந்தது. ஒரு செய்தித்தாளை ஊர் முழுவதும் வாசிப்பது சிக்கனந்தான். ஆனால் ஒருவரும் அதனால் எதையும் இழக்கவில்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தாயின் சேமிப்பிலிருந்து பாடசாலைக் கட்டணம் என்னும் பகுதி பெரும்பாலும் நீங்கியது. வேலணை மத்திய கல்லூரி தீவகத்துப் பிள்ளைகளுக்குக் கடல்தாண்டாமலே உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. எந்தச் சிக்கன உபதேசமும் செய்யாத காரியத்தை ஓர் அரசுக் கொள்கை செய்தது.

சாதியின் தடை மட்டும் அவ்வளவில் அகலவில்லை. கிணறற்றவனுக்குச் சிக்கனம் என்பதற்குப் பொருளே வேறு. பிறர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியிற் காத்திருக்க வேண்டிய பெண்ணுக்கு ஒரு குடம் நீரின் விலை ஒரு முற்பகல். டானியலின் பஞ்சமர் வரிசை நாவல்களுள் ஒன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிருப்பது தற்செயலன்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் ஏட்டில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் போராட்டங்கள் கோயில்களையும் தேநீர்க்கடைகளையும் திறக்கச்செய்தன. தீவகத்திலே, 1971இல், புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்து, பொலிசாரின் தாக்குதலுக்கும் சிறைக்கும் உள்ளாகி, 1973இல் தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். முற்போக்கு அணியின் இலக்கியக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அவருடைய மெய்முதல்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் தீவக வாழ்வின் அடிப்படை முரண்பாடு ஒரு கிணற்றின் விளிம்பிலே இருக்கிறது என்பதைத் தம் உடம்பால் உணர்ந்து செயற்பட்டவர் என்ற வகையில், அவரை வெறும் ஆன்மிகவாதி என ஒதுக்கிய எமது விமரிசனம் குறைபாடுடையதே.

அரசியல், அடுப்படிக்குள் நேரே புகுந்த சந்தர்ப்பங்களும் உள. 1953இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகத்து 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வடபகுதி மிளகாய், வெங்காயச் செய்கையாளர் சிலகாலம் தலையெடுத்தனர். 1977இன் திறந்த பொருளாதாரம் அதனைச் சாய்த்தது. 1979இல் பங்கீட்டு அரிசி நீங்கி உணவு முத்திரை வந்தது. 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் எரிந்தபோது பல தலைமுறைக் கொட்டைப்பெட்டிகள் அவற்றோடு எரிந்தன.

1990 ஆகத்தில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது வேலணை மக்களுட் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். பனையும் கிணறும் பின்னே நின்றன. அக்காலப் பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தலிற் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெய் ஊற்றித் திரியேற்றிய விளக்கில் மாணவர் படித்தனர். அதற்குச் சிக்கன விளக்கு என்றே பெயர் வழங்கிற்று. சவர்க்காரமின்றிப் பனங்களியால் துணி தோய்த்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவை பற்றி இன்று எழுதப்படும் நினைவுக்குறிப்புகளில் ஒரு வீரக்கதைச் சாயல் படிந்துவருகிறது. புத்திக்கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் பனங்களியால் தோய்த்த துணியைக் கறைபோக அலசுவதற்கு எத்தனை வாளி நீர் அள்ளவேண்டியிருந்தது என்பதை அள்ளியவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

போருக்குப் பின்னர் இப்பெண்களிடம் வந்தவை நுண்கடன் நிறுவனங்கள். அவற்றோடு சேமிப்புப் பழக்கத்தையும் நிதியறிவையும் புகட்டும் பயிற்சி வகுப்புகளும் வந்தன. சீட்டு என்னும் பழைய ஏற்பாட்டில் அவசரமுள்ளவள் கழிவு கூறி முதலில் எடுக்கலாம். இழந்த கழிவு மற்றப் பெண்களுக்கே பங்காகப் போகும். பிந்தினால் வாசலில் வந்து நிற்பவள் தெரிந்தவள். நுண்கடனில் வாரந்தோறும் வாசலுக்கு வருபவர் நிறுவனத்தின் அலுவலர்; வட்டி ஊரை விட்டு வெளியேறுகிறது. கடன் தாளாமல் எழுந்த துயரங்களின் பின், 2018இல் அரசு, வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து நாடே கடன் செலுத்த இயலாதென அறிவித்தபோது, வீட்டுத்தோட்டம் செய்க, விறகடுப்புக்குத் திரும்புக என்னும் அறிவுரைகள் மேலிருந்து வந்தன. 2022 ஆகத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் கரையில் நின்றன. கங்குமட்டையும் ஊமலும் மீண்டும் அடுப்புக்கு வந்தன. அவற்றைப் பொறுக்கக் காலையில் வளவுக்குள் இறங்கியவர்கள் முன்பு இறங்கியவர்களேதான்.